இரண்டு கூடை அரிசி

சர்மா நகர்ப் பேரன்:

வியாசர்பாடி, பி.வி. காலனி, எர்ணாவூர் பக்கத்துப் பர்மா வீட்டுப் பிள்ளைகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் தாத்தாக்களில் யாராவது அங்கே பர்மாக் காட்டில் கிளர்ச்சிக்காரர்களோடு துப்பாக்கி தூக்கியவர் உண்டா? என் தாத்தா தூக்கியவர். அதை அவர் வாயால் நான் கேட்டதில்லை. எங்கள் வண்டியில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்க வந்த ஓர் ஆயா சொல்லித்தான் தெரிந்தது.

தாத்தா மாலை ஐந்து மணிக்குத் தள்ளுவண்டியைத் திறப்பார். மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு வறுத்த எண்ணெய், மேலே நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு வறுவல். எல்லாவற்றையும் கையால்தான் பிசைவார். கரண்டி போட்டால் அது அத்தோ இல்லை என்பது அவர் கட்சி. (இப்போது கையுறை மாட்டிக்கொண்டு பிசைகிறார்கள். சுவை குறைந்ததற்கு அதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.) யாருக்கும் கடன் கிடையாது. பி.வி. காலனியிலிருந்து எவர்சில்வர் தட்டோடு வரும் அந்த ஆயாவுக்கு மட்டும் காசே கிடையாது. "இன்னும் ஒரு கை போடு தம்பி, வட்டி" என்பார். தாத்தா குனிந்த தலை நிமிராமல் போடுவார். என் பாட்டிக்கு முகம் கடுகடுக்கும். தெருவில் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது ஒரு மழை நாள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று, வியாபாரமே இல்லை. தாத்தா தேநீர் குடிக்கப் போயிருந்தார். தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கிய ஆயா என்னிடம், "உன் தாத்தன் என் வீட்டில் புகுந்து அரிசி எடுத்தவன், தெரியுமா?" என்றார்.

கீழ் பர்மாவின் பெகு நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆயாவின் கணவர் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். 1949-ல் ஒரு நள்ளிரவு ஆறு பேர் வந்தார்கள். இரண்டு கூடை அரிசி, உப்பு, தீப்பெட்டி. எல்லோரும் பர்மியத்தில்தான் பேசினார்கள். மூட்டையோடு வெளியேறிய ஒருவன் இருட்டில் ஆட்டுக்கல்லில் கால் இடித்து, "ஐயோ, அம்மா!" என்று கத்திவிட்டான். ஆயா விளக்கைத் தூக்கிப் பார்த்தார். கைலி, தோளில் துப்பாக்கி, முகம் மட்டும் நம் முகம். "எந்த ஊர்ப் பிள்ளையடா நீ?" என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. ஆயா விளக்கெண்ணெய் கொண்டுவந்து வைத்துக் கட்டினாராம். அரிசியைப் பறிகொடுத்துவிட்டு எண்ணெயையும் கொடுத்த வீடு அது.

விடிந்ததும் ராணுவம் வந்தது. காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தது யார் என்று கேட்டு அடித்ததில் கணவரின் வலது கை ஒடிந்தது. மென்னி முறிய மூட்டை தூக்கிய மனிதர், பிறகு அந்தக் கையால் ஒரு படி அரிசிகூட அளந்ததில்லை.

அதன்பின் எல்லோரையும் போலவே அவர்களும் கப்பலேறி மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் எங்கள் வண்டியில், கொதிக்கும் வாழைத்தண்டு சூப் கையில் பட்டுத் தாத்தா "ஐயோ, அம்மா!" என்று அலறியிருக்கிறார். ஆயா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவருடைய காலைப் பார்த்தாராம். இடது பெருவிரலில் நகம் இல்லை.

தண்டையார்பேட்டைக்காரி:

உங்கள் தாத்தாவைக் குறைசொல்வதாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் காட்டுக்காரர்களைப் போராளிகள் என்று யாரும் சொன்னதில்லை. என் தாத்தா பெகு ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். ரங்கூன்–மண்டலே பாதையில் இன்றைக்கு எந்த இடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்திருக்கிறார்கள், எந்தப் பாலத்துக்கு வெடி வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சோடுதான் ஒவ்வொரு நாளும் விடியும் என்பார். அவர் பணிக்குப் போனால் எங்கள் ஆயா அடுப்பு மூட்டமாட்டார். திரும்பி வந்த பிறகுதான் உலை வைப்பார். என் அம்மாவுக்குச் சிறுவயதில் இரவுச் சோறு எப்போதும் தாமதம். அந்தப் பழக்கம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

ராயபுரம் வாசகன்:

பர்மியக் கிளர்ச்சியில் தமிழர் எப்படி வந்தார்? நம்மவர்களை "கலா" என்று ஒதுக்கிய ஊர் அல்லவா? நேதாஜி படையோடு குழப்பிக்கொள்கிறீர்களோ?

சர்மா நகர்ப் பேரன்:

அக்கா, நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. தாத்தாவின் கைகள் எந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்தன என்று எனக்குத் தெரியாது.

வாசகருக்கு: குழப்பம் இல்லை. பர்மா 1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்றது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 28-ல் தகின் தான் துன் தலைமையிலான வெள்ளைக்கொடிக் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் எடுத்தார்கள். தகின் சோவின் செங்கொடிக்காரர்கள் அதற்கும் முன்பே தனிவழி போயிருந்தார்கள். 1949 ஜனவரி கடைசியில் கரேன் இனத்தவரின் படையோடு, ரங்கூனை ஒட்டிய இன்செயினில் சண்டை மூண்டது. பிரதமர் ஊ நூவின் அரசை "ரங்கூன் அரசு" என்று கேலி செய்த காலம் அது. ரங்கூனைத் தாண்டினால் அதன் பேச்சு எடுபடவில்லை.

அந்த வெள்ளைக்கொடிக் கட்சியின் பெரிய தலைகளில் ஒருவர் கோஷால், வங்காள வம்சாவளியினர். பர்மியப் பெயர் தகின் பா தின். 1967-ல் பெகு யோமா மலைக்காட்டில் அவரைச் சொந்தக் கட்சியே கொன்றது. அடுத்த ஆண்டு தான் துன்னையும் அவரோடு இருந்த ஒருவரே சுட்டுக் கொன்றார். தாத்தா அதற்கு முன்பே, 1958-ல் ஊ நூ அரசு பொதுமன்னிப்பு அறிவித்தபோது, துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். இல்லையென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஏன் போனார் என்றால், நிலம். 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது. அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்களில் தாத்தாவின் அப்பாவும் ஒருவர். நிலக்காரரும் தமிழர், கூலியும் தமிழர். "கலா" என்று ஊர் இருவரையும் ஒரே சொல்லால் ஏசியது. உழுதவனுக்கே நிலம் என்று சொன்ன கூட்டத்தில் "யெபோ" என்று கூப்பிட்டார்கள், தோழர் என்று பொருள். இருபத்து மூன்று வயதில் அது போதும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்துக்குச் சோறு போட்டது ஆயாவைப் போன்றவர்களின் கடை. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

எர்ணாவூர் பர்மாக்காரர்:

எங்கள் அப்பா 1964-ல் ஐம்பது, நூறு சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரவில் வந்தவர்கள் இரண்டு கூடையோடு போனார்கள், ராணுவ ஆட்சியாளர் நே வின் பகலில் வந்து கடையையே எடுத்துக்கொண்டார் என்பார்.

தண்டையார்பேட்டைக்காரி:

தம்பி, அந்த ஆயா கடைசியில் மன்னித்தாரா?

சர்மா நகர்ப் பேரன்:

அப்படி ஒரு பேச்சே அவர்களுக்குள் நடந்ததில்லை, அக்கா. அரிசிக் கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது என்று ஒருமுறை ஆயாவே சொன்னார். "கை ஒடிந்த கணக்கு வேறு" என்றும் சொன்னார்.

2004-ல் தாத்தா இறந்தார். வீட்டுப் பெண்கள் வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தபோது ஆயா வந்தார். தாம்பாளத்தில் இருந்த அரிசியைத் தொடவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, தான் கொண்டுவந்த அரிசியை எடுத்துப் போட்டார். "இதுவும் என் வீட்டு அரிசிதான், தம்பி" என்றார். என் பாட்டி முதன்முறையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அப்பா வண்டியைத் திறந்தார். ஐந்து மணிக்கு ஆயா அதே எவர்சில்வர் தட்டோடு வந்து நின்றார். காசு கேட்பதா வேண்டாமா என்று அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.