கொக்குவில் வீடு, குடும்பக் குழு: சனிக்கிழமை மதியம்

*செவ்வாய்க்கிழமை*

வசந்தி: நிரோஷ் இப்போதுதான் அழைத்தான். சனிக்கிழமை மதியம் அவன் கட்டப்போகும் கியாராவும், இத்தாலியிலிருந்து வந்திருக்கும் சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள். எங்களோடு சேர்த்து 14 பேர். என்ன சமைப்பது என்று சொல்லுங்கள்.

சிவா: கொத்துரொட்டி

வசந்தி: நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாக் கொடி ஏறிவிட்டது. 25 நாளும் இந்த வீட்டில் மரக்கறிதான். வருகிறவர்களுக்கும் அதுதான்.

சிவா: மரக்கறிக் கொத்து

குமரன்: காரத்தைக் கவனியுங்கள். என் நண்பன் வந்தபோது நடந்தது நினைவிருக்கட்டும்

வசந்தி: அவருக்குக் காரம் ஆகாது என்று நீ சொல்லவில்லை.

குமரன்: சொன்னேன் அக்கா

வசந்தி: சொல்லவில்லை.

மாலா: மாமி, சோறு கறியோடு ஒரு பாஸ்தாவும் செய்யட்டுமா? தக்காளியும் பேசிலும் மட்டும் போட்டு. ராணி மாமி பலெர்மோவிலிருந்து அனுப்பிய விதை நன்றாக வந்திருக்கிறது. நான்கு சாடி நிறைய இலை.

மாலா: [படம்]

சுகன்யா: அண்ணி!! எவ்வளவு இலை

சிவா: துளசி

மாலா: துளசி இல்லை மாமா, பேசில். அம்மம்மாவும் துளசி என்று நினைத்து நேற்று இரண்டு கொத்துப் பறித்துப் பெருமாள் படத்துக்கு வைத்துவிட்டார்.

குமரன்: பெருமாளும் பலெர்மோ போய் வந்துவிட்டார்

வசந்தி: இவ்வளவு தூரம் வருகிறவர்களுக்கு அவர்கள் ஊர்ச் சாப்பாட்டையே கொடுப்பதா? எங்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று நினைப்பார்கள்.

ராணி: அக்கா, இப்போதுதான் வேலை முடிந்து பஸ் ஏறினேன். மாலா சொன்னது நல்ல யோசனை. உங்கள் சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் கட்டாயம் வையுங்கள், கியாரா அதற்குத்தான் வருகிறாள். ஆனால் அவளுடைய அப்பாவுக்கு 71 வயது. பத்து நாளாக ஹோட்டல் சாப்பாடு. சோறு இல்லாமல் பத்து நாள் இருந்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்? நான் இங்கே வந்த முதல் மாதம், வேலை செய்த வீட்டு அம்மா எனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் சோறு ஆக்கி வைத்திருந்தார். குழைந்துபோன சோறு, உப்பும் இல்லை. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அப்படி ஒரு தட்டு அவருக்கு எங்கள் வீட்டில் கிடைக்க வேண்டும்.

வசந்தி: சரி. எப்படிச் செய்வது என்று மாலாவுக்குச் சொல்.

சிவா: துளசிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்

ராணி: இரண்டும் ஒரே இனத்துச் செடிகள் அத்தான். துளசியில் கிராம்பு போல ஒரு உறைப்பு மணம் இருக்கும், இதில் இனிப்பு மணம். திருநீற்றுப்பச்சை என்று ஊரில் சொல்வோமே, அது இதற்கு மிக நெருக்கம். சர்பத்தில் ஊறி வழுவழுப்பாக வருமே கசகசா, அது இந்தச் செடியின் விதைதான்.

சிவா: சர்பத்துக் கசகசாவா!

குமரன்: சென்னையில் கசகசா கேட்டால் குருமாவுக்குப் போடுவதைத் தருகிறார்கள். வேறு சாமான். அதைச் சர்பத்தில் போட்டு ஒரு இரவு முழுக்கக் காத்திருந்தோம்

சுகன்யா: மாமா இந்தக் கதையை நூறு தடவை சொல்லிவிட்டீர்கள்

சிவா: பலூடா குடித்துப் பல நாள் ஆகிறது

வசந்தி: உங்களுக்குச் சீனி வருத்தம் என்பது நினைவில் இருக்கட்டும்.

ராணி: மாலா பிள்ளை, கவனமாகக் கேள். முதலில் தக்காளி. திருநெல்வேலிச் சந்தையில் நீளமாக, சதைப்பிடிப்பாக, நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து இரண்டரைக் கிலோ எடு. வியாழக்கிழமையே வாங்கி மேசையில் பரப்பி வை. பிரிட்ஜில் வைக்காதே, மணம் போய்விடும். சமைக்கும்போது ஒவ்வொன்றின் அடியிலும் கத்தியால் சிலுவை போலக் கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போடு. தோல் கையோடு கழன்று வரும். பிறகு கையாலேயே பிசை. மிக்சியில் அடித்தால் காற்று ஏறிச் சிவப்பு வெளிறிவிடும்.

ராணி: பெரிய தாச்சியில் ஒரு தேநீர்க் கோப்பை ஒலிவ் எண்ணெய். எட்டுப் பல் உள்ளி, தோல் நீக்கித் தட்டினால் போதும். அடுப்பு மெல்லியதாக எரியட்டும். உள்ளி பொன்னிறத்தைத் தாண்டக் கூடாது, கறுத்தால் முழுச் சட்டியும் கைக்கும். தக்காளியைப் போட்டு உப்புச் சேர்த்து அரைமணி நேரம் மூடாமல் வற்றவிடு. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வருவது உனக்குத் தெரியும், குழம்பில் பார்ப்பது போலத்தான். புளிப்புக் கூடினால் ஒரு சிட்டிகை சீனி.

குமரன்: கடுகு?

ராணி: வேண்டாம் அண்ணா

குமரன்: பெருஞ்சீரகம்?

ராணி: வேண்டாம்

வசந்தி: ஒரு கரண்டி மிளகாய்த்தூள் கூட இல்லாமல் எப்படி? வாயில் வைக்க முடியுமா?

ராணி: அக்கா, செத்தல் மிளகாயை எண்ணெயில் வாட்டி நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அவர்களும் அப்படிப் போட்டுக்கொள்வது உண்டு. சட்டியில் மட்டும் வேண்டாம்.

மாலா: பேசிலை எப்போது போடுவது? கறிவேப்பிலை போல எண்ணெயில் முதலில் தாளிக்கலாமா?

ராணி: அதைத்தான் சொல்ல வந்தேன். கறிவேப்பிலை சூட்டில் மணம் விடும். இது சூட்டில் மணத்தை இழக்கும், இலையும் கறுத்துப்போகும். அடுப்பை அணைத்த பிறகு, கையால் கிள்ளிப் போடு. கத்தி வேண்டாம். இரண்டு பெரிய கைப்பிடி. சாப்பிட உட்காரும் நேரத்தில் பறித்தால் போதும். முன்பே பறித்தால் பூப்போலத் தண்ணீரில் காம்பு அமிழ நிறுத்தி வை, பிரிட்ஜின் குளிரில் இலை கறுக்கும். அப்புறம் படத்தில் இரண்டு சாடியில் பூ வருகிறது பார், நுனியைக் கிள்ளிவிடு. பூத்தால் இலை சிறுத்துவிடும்.

சிவா: மேசை கதிரைக்கு யார் சொல்வது

வசந்தி: நீங்கள்தான்.

*புதன்கிழமை*

ராணி: இரவு நித்திரை வரவில்லை, தண்ணீரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லீற்றர் தண்ணீர், அந்த 1 லீற்றருக்கு 10 கிராம் உப்பு. சோறும் இருப்பதால் 14 பேருக்கு 1 கிலோ போதும். ஆகவே 10 லீற்றர். பாற்சோற்றுப் பானை சரியாக இருக்கும். தண்ணீரில் எண்ணெய் ஊற்றாதே. நிரோஷ் 500 கிராம் பெட்டி இரண்டு கொண்டு வருகிறான், குழல் வகை. நீள வகை இத்தனை பேருக்குக் கிளறிப் பரிமாற முடியாது. பெட்டியில் எத்தனை நிமிடம் என்று இருக்கிறதோ அதற்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்து, தக்காளித் தாச்சியில் போட்டு அங்கே வேகவிடு. வடிக்கும் தண்ணீரை ஊற்றிவிடாதே! இரண்டு கோப்பை எடுத்து வை. அதில் மா இறங்கியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் எண்ணெயும் தக்காளியும் சேர்ந்து பாஸ்தாவில் பிடிக்கும்.

மாலா: அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வடிகஞ்சியை ஊற்றக் கூடாது என்று ராணிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்" என்கிறார்.

ராணி: உண்மை. அம்மாவின் கையால் கஞ்சி குடித்துக் கனகாலம்.

சுகன்யா: மேலே தூவும் சீஸ் யார் வாங்குவது? அம்மா, ஒன்று சொல்ல வேண்டும். பார்மிசான் சைவம் இல்லை. கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டைப் போட்டுத்தான் பாலைத் திரைக்கிறார்கள்

வசந்தி: என்ன?

வசந்தி: குமரன், உன் வீட்டில் எனக்கு அதைத்தானே தூவித் தந்தாய்? கந்தசஷ்டி நேரம்.

குமரன்: எனக்குத் தெரியாது அக்கா. சத்தியமாக

சிவா: பால்தானே

வசந்தி: பால் இல்லை. வாசியுங்கள்.

ராணி: அக்கா, சீஸே வேண்டாம். இங்கே சிசிலியில் பாண்தூளை ஒலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துப் பாஸ்தாமேல் தூவுவார்கள். சீஸ் வாங்க வசதி இல்லாத வீடுகளின் பழக்கம், இப்போது எல்லோரும் விரும்பிச் செய்கிறார்கள். முதல்நாள் பாணைக் காயவைத்து உதிர்த்து வறுத்து வையுங்கள். கியாராவின் அப்பா அதைக் கண்டால் தன் அம்மாவின் குசினியை நினைப்பார். கடைச் சீஸைவிட அதுதான் அவருக்குப் பிடிக்கும்.

வசந்தி: அது செய்யலாம்.

சுகன்யா: சின்னம்மா, வேகவைக்காமல் அரைப்பார்களே, டிராபானிப் பக்கம், அதுவும் நல்லது. தக்காளி, பாதாம், உள்ளி, பேசில். பாதாமுக்குப் பதில் கச்சான் போடலாமா

ராணி: கச்சான் வேண்டாம். அது வேறொரு நாளைக்கு. அம்மியில் அரைக்க வேண்டிய சாமான், எனக்கு மிகவும் ஆசைதான்.

சிவா: எங்கள் அம்மி மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது

வசந்தி: மதில் கதை இங்கே வேண்டாம்.

குமரன்: நான் அன்றைக்கே சொன்னேன், அளந்து கட்டுங்கள் என்று

வசந்தி: வேண்டாம் என்றேன்.

நிரோஷ்: பெரியம்மா, கொழும்பிலிருந்து எழுதுகிறேன். கியாராவின் அம்மா அம்மம்மாவுக்குப் பரிசு கொண்டு வந்திருக்கிறார். தலை

வசந்தி: என்ன தலை?

நிரோஷ்: மண்ணால் செய்து வண்ணம் பூசிய தலை. ஆண் ஒன்று, பெண் ஒன்று. பேசில் நடும் சாடிகள். பலெர்மோவில் பல்கனி எல்லாம் இருக்கும்

நிரோஷ்: [படம்]

மாலா: அழகாக இருக்கிறதே

சிவா: ஏன் தலை

நிரோஷ்: பழைய கதை. பல்கனியில் செடி வளர்த்த ஒரு பெண்ணை வடஆபிரிக்காவிலிருந்து வந்த ஒருவன் காதலித்தான். அவனுக்கு ஊரில் மனைவி பிள்ளைகள் இருப்பது தெரிந்ததும், அவன் தூங்கும்போது தலையை வெட்டி அதில் பேசில் நட்டாள். அவள் கண்ணீரில் செடி செழித்து வளர, ஊரே பார்த்து அதுபோல மண்சாடி செய்துகொண்டதாம்

வசந்தி: கல்யாணம் பேச வரும் வீட்டுக்கு வெட்டிய தலையா?

குமரன்: நிரோஷ், உன் மாமி உனக்கு ஏதோ சொல்லி வைக்கிறார். கவனமாக இரு

நிரோஷ்: மாமா

ராணி: அக்கா, இங்கே அதைப் புதுவீட்டுக்கும் கல்யாணத்துக்கும் கொடுப்பார்கள். மரியாதையான பரிசு. விலையும் அதிகம், பெட்டி சுற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு பறந்திருக்கிறார். முகம் சுளித்துவிடாதீர்கள்.

மாலா: அம்மம்மா சொல்கிறார்: "வெளிவாசலில் வையுங்கள். கண்ணூறு கழியும்."

வசந்தி: அம்மா சொன்னால் சரி. ஆனால் வெளிவாசலா, கிணற்றடியா என்று பார்ப்போம்.

*வெள்ளிக்கிழமை*

மாலா: தக்காளி இரண்டரைக் கிலோ பழுத்திருக்கிறது. நேற்று இரவு நானும் பிள்ளைகளும் கால் கிலோ பாஸ்தா வாங்கிச் செய்து பார்த்தோம். இலை கிள்ளிப் போட்டதும் குசினி முழுக்க மணம். சின்னவன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். பாண்தூள் கொஞ்சம் கருகிவிட்டது, இன்று திரும்ப வறுக்கிறேன்.

ராணி: படம் எங்கே? படம் போடு பிள்ளை!

மாலா: [படம்]

ராணி: மாலா, இது எங்கள் வீட்டுத் தட்டா? நீலக்கரை வைத்தது?

மாலா: ஓம் மாமி. அம்மம்மா அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தார்.

ராணி: அப்பா அதில்தான் சாப்பிடுவார்.

வசந்தி: சம்பந்தியை அனுப்பி, மகனை அனுப்பி, செய்முறையையும் அனுப்புகிறாய். நீ மட்டும் வரவில்லை. அப்பாவின் 31ஆம் நாள் காரியத்துக்கும் இப்படித்தான்.

ராணி: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

குமரன்: அக்கா, இன்றைக்கு வேண்டாம்

ராணி: இல்லை அண்ணா, சொல்கிறேன். அப்போது என் அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். வெளியே போனால் திரும்பி வர முடியுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நிரோஷுக்கு ஆறு வயது. அன்று பெல்லெக்ரினோ மலை ஏறி, இந்த ஊரின் காவல் புனிதை ரோசாலியாவின் குகையில் உட்கார்ந்து அழுதேன். அங்கே எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் போய் அழுகிறார்கள். இப்போது நான் வேலை பார்க்கும் வீட்டு அம்மாவுக்கு 93 வயது, மருந்து கொடுக்க மாற்று ஆள் கிடைக்கவில்லை. தைக்குக் கட்டாயம் வருவேன் அக்கா.

சுகன்யா: சின்னம்மா

சிவா: சனி பின்னேரம் கோயிலுக்குப் போவதென்றால் கியாராவின் அப்பா சட்டை கழற்ற வேண்டும். சொன்னீர்களா

நிரோஷ்: சொல்லவில்லை பெரியப்பா. சொல்கிறேன்

சிவா: வேட்டி என்னுடையது இருக்கிறது. இடுப்பு அளவு கேள்

குமரன்: வீதி மறித்திருப்பார்கள், முத்திரைச்சந்திப் பக்கம் வாகனம் கொண்டுபோகாதீர்கள்

மாலா: பாயசம் வைப்பதா, இல்லையா? இன்னும் யாரும் சொல்லவில்லை.

சிவா: வைக்க வேண்டும்

சுகன்யா: அப்பாவுக்கு இல்லை

வசந்தி: ராணி, நாளை 11.30க்கு மாலா தண்ணீர் வைப்பாள். உனக்கு அப்போது எத்தனை மணி?

ராணி: காலை 8 மணி அக்கா. அந்த அம்மாவுக்கு மருந்து நேரம்.

வசந்தி: அவருக்குக் கொடுத்துவிட்டு வீடியோவில் வா. வடிக்கும்போது நீ பார்க்க வேண்டும். உப்பு எவ்வளவு என்று எனக்குக் கை வராது.

ராணி: வருகிறேன் அக்கா. 8.10க்கு வந்துவிடுவேன். அதுவரை பாஸ்தாவைப் போடாதீர்கள்.

வசந்தி: போடமாட்டோம்.

சிவா: கதிரை 10தான் கிடைக்குமாம்