தாராசுரத்துத் திட்டத்துக்கு ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டுமா?

குடந்தைவாசி: தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் 2004-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. சுற்றுலாத் திட்டம் போடும்போது ஊர்க்காரர்களையும் கேட்க வேண்டுமாம். கேட்டால் என்ன சொல்வார்கள்? கோயிலைச் சுற்றி மாடி கட்ட விடு என்பார்கள். அவ்வளவுதான்.

தறிக்காரன்: மாடியா? கோயிலிலிருந்து 100 மீட்டருக்குள் புதுச் சுவரே எழுப்பக்கூடாது, பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தம். ஒழுகுகிற ஓட்டைக்கூட மாற்ற முடியவில்லை. மழை வந்தால் குழித்தறிக்குள் தண்ணீர்.

குடந்தைவாசி: ஓடு மாற்றலாம். பழுதுபார்க்க அனுமதி உண்டு. சட்டத்தை முழுசாகப் படியுங்கள்.

தறிக்காரன்: படித்தாயிற்று ஐயா. மனு கொடுத்துப் பதினோரு மாதம் அலைந்தேன். அதற்குள் ஐப்பசி மழையே வந்து போய்விட்டது.

குடந்தைவாசி: ஆக, மாற்றலாம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

தறிக்காரன்: எங்கே ஒப்புக்கொண்டேன்?

தஞ்சைத்தம்பி: பெரிய கோயில் 1987-லேயே பட்டியலில் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் யாரும் இப்படிப் புலம்புவதில்லை அண்ணே.

தறிக்காரன்: தம்பி, உங்கள் கோயிலைச் சுற்றி அகழி. எங்கள் கோயிலைச் சுற்றி வீடு.

மாயவரத்துமாமி: ஏன் இந்தச் சண்டை? கிராம சபையில் வைத்துப் பேசிவிட்டால் போச்சு.

தறிக்காரன்: தாராசுரத்துக்குக் கிராம சபை ஏது மாமி? பேரூராட்சியாக இருந்தது, இப்போது கும்பகோணம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. சுற்றுலா பஸ் வருகிறது. தேர் மாதிரி இருக்கிற மண்டபம், யானையும் காளையும் ஒரே தலையில் தெரிகிற சிற்பம், இரண்டையும் படம் பிடித்துவிட்டு சுவாமிமலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் பட்டு நெய்கிறோம் என்று ஒரு வழிகாட்டியும் சொன்னதில்லை. கோயில் தரை தெருவைவிடத் தாழ்வு, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடிவரும் என்று எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேட்டாலே சொல்லும். அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

குடந்தைவாசி: எல்லாம் சரி. ஓடு மாற்றலாமா, கூடாதா?

தறிக்காரன்: பெயரில்தான் குடந்தை, இருப்பது சென்னையில். மகாமகத்துக்கு மகாமகம் ஊருக்கு வருகிற ஆள். 2016-க்கு அப்புறம் இனி 2028-ல்தானே?

குடந்தைவாசி: போன பொங்கலுக்கு வந்தேன். தனிப்பட்ட முறையில் பேச வேண்டாம்.

தஞ்சைத்தம்பி: அகழி இருந்தால் என்ன அண்ணே, 100 மீட்டர் எங்களுக்கும்தானே?

தறிக்காரன்: தம்பி, நீ சும்மா இரு. குடந்தையாரே, நீங்களே வந்து மாற்றிக் காட்டுங்கள். ஏணி நான் தருகிறேன்.

குடந்தைவாசி: பேச்சை மாற்றாதீர்கள். சட்டத்தில் இருக்கிறதா, இல்லையா?