போர் தண்ணி டிடிஎஸ் 1400, கைக்குழந்தைக்கு காய்ச்சிக் குடுக்கலாமா?

வாலாஜாவாசி:
வாலாஜா பக்கம் புதுசா வீடு கட்டி குடி வந்திருக்கோம். காவிரி தண்ணி வர்ற அன்னிக்கு கவலை இல்ல, வராத நாள்ல போர் தண்ணிதான். டிடிஎஸ், அதான் தண்ணியில கரைஞ்சிருக்கற மொத்த உப்பு, மீட்டர் விட்டுப் பாத்தா 1400 காட்டுது, பாத்திரத்துல எல்லாம் வெள்ளையா படியுது. குழந்தைக்கு பவுடர் பால் கலக்கணும். நல்லா கொதிக்க வச்சா போதும்னு மாமியார் சொல்றாங்க, பக்கத்து வீட்ல கேன் வாங்குங்கறாங்க. எது சரி?

லேப்காரன்:
தண்ணி டெஸ்ட் பண்ற லேப்லதான் வேலை பாக்குறேன் சார். கொதிக்க வச்சா கிருமி சாகும், அவ்ளோதான். உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு எதுவும் போகாது, தண்ணி ஆவியாகி சுண்டுறதால அளவு கூடத்தான் செய்யும். பவுடர் பாலுக்கு நைட்ரேட்டதான் முதல்ல பாக்கணும், லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டவே கூடாது, தாண்டினா பச்சக்குழந்தை ரத்தம் ஆக்சிஜன் எடுத்துட்டுப் போக முடியாம உதடு நகமெல்லாம் நீலம் பாரிச்சுடும். போர் பக்கத்துல செப்டிக் டேங்க் இருக்கா, உரம் போடுற வயல் இருக்கா? டிடிஎஸ் 500க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும்னு குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 சொல்லுது, ஆனா அது மொத்த உப்புக் கணக்கு. மீட்டர்ல 400 காட்டுற தண்ணியிலயும் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் லிமிட்டத் தாண்டி இருக்கலாம்.

காட்பாடி தர்மபுரியான்:
ஃபுளோரைடுன்னதும் எழுதத் தோணுச்சு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் பாறையிலேர்ந்தே அது தண்ணியில எறங்குது, வாய்க்கு நல்லாதான் இருக்கும். எங்க ஊர்ல என் வயசுக்காரங்க பல்லப் பாருங்க, முன்பல் குறுக்க பழுப்புக் கோடு ஓடும், தேய்ச்சாலும் போகாது. எலும்பு வரைக்கும் பாதிக்கும்.

ஆம்பூர் அக்கா:
நம்ம பக்கம் கதையே வேற தம்பி. தோல் கெடாம இருக்க உப்ப அள்ளிப் போட்டுதான் கொண்டாருவாங்க, தோல் பதனிடுற ஷெட்ல ஊறவச்சு கழுவுறப்ப அந்த உப்பு மொத்தமும் தண்ணியோட எறங்கும், அப்புறம் பதனிட போடுற குரோமியம் வேற. பாலாத்து ஓரம் எத்தன கெணறு பாழாச்சு, தென்ன மரம் குரும்பையிலயே கொட்டிடும். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட், கெடுத்தவன்தான் நஷ்டத்தக் கட்டணும்னு தீர்ப்பு சொல்லுச்சு, மண்ணுக்குள்ள போன உப்பு அதோட வெளிய வந்துடுமா? வாலாஜான்னா ராணிப்பேட்டை கிட்டதான, அங்க 1990கள்லயே மூடின குரோமேட் கம்பெனி கழிவு லட்சம் டன்னுக்கு மேல கொட்டிக் கெடந்து மழைக்கு மஞ்சத்தண்ணியா எறங்குச்சு. குரோமியத்த மறக்காம பாருப்பா.

வாலாஜாவாசி:
செப்டிக் டேங்க் பக்கத்து வீட்டோடது, காம்பவுண்டு ஓரமே இருக்கு. பயமா இருக்கு. எங்க டெஸ்ட் குடுக்கறது?

லேப்காரன்:
குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட லேப் இருக்கு, பீஸ் கட்டினா வீட்டுத் தண்ணியும் பாப்பாங்க. மோட்டார் போட்டு கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டு அதே தண்ணியில கேன மூணு தடவ அலசிப் பிடிங்க. கிருமி டெஸ்ட்டுக்கு மட்டும் லேப்லயே பாட்டில் கேட்டு வாங்குங்க, அத அலசக்கூடாது, பிடிச்சு ஐஸ்ல வச்சு அன்னிக்கே குடுத்துடுங்க. குரோமியம் வழக்கமான டெஸ்ட்ல பெரும்பாலும் சேராது, தனியா எழுதிக் குடுங்க, லிமிட் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். ஃபில்டர் வாங்கறதா இருந்தா கிருமிய மட்டும் கொல்ற யூவி நைட்ரேட்ட எடுக்காது, ஆர்ஓ வேணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் பாலுக்கு காவிரி தண்ணியப் பிடிச்சு வச்சு காய்ச்சுங்க, அது தீந்தா ஐஎஸ்ஐ முத்திரை, சீல் பாத்து கேன் வாங்கி அதையும் காய்ச்சுங்க. போர் தண்ணி குளிக்க, துவைக்க மட்டும்.