ரோமிலிருந்து பொம்பெய்: ஒரே நாளில் பிள்ளைகளால் முடியுமா?

மே கடைசியில் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். மகளுக்கு 12, மகனுக்கு 8. ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் மூன்றும் ரயிலில்தான். கொலோசியத்தில் 18 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, ஆனால் நேரம் குறித்த டிக்கெட் அவர்களுக்கும் எடுக்க வேண்டும். அதெல்லாம் சரி.

குழப்பம் பொம்பெயில்தான். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள் மகள். நேப்பிள்ஸ் வரை அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், அப்புறம் உள்ளூர் ரயில். ஆனால் நிழலே இல்லாத அந்தக் கல் தெருக்களில் சின்னவன் எவ்வளவு நேரம் நடப்பான்? நேப்பிள்ஸில் ஓர் இரவு தங்கலாமா, இல்லை அதே எரிமலை புதைத்த, அளவில் சிறிய ஹெர்குலேனியமே போதுமா? வெனிஸை விட்டுவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசே இல்லை. இந்த வயதுப் பிள்ளைகளோடு போய்வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.