9-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை: சபைப் பிள்ளைகளுக்கு நட்பைப் பற்றி என்ன சொல்லித் தருவது?

கல்லுக்கட்டி_வகுப்பு கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். காரைக்குடியில் ஒரு சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு. 14 பேர், பெண்பிள்ளைகள் 9, பையன்கள் 5. நேரம் 45 நிமிஷம் என்று பெயர். டீயும் பிஸ்கட்டும் போக 35 தேறும். அடுத்த 4 வாரத்துக்குத் தலைப்பு "சிநேகம்".

கையில் இருக்கிற பாடம் "அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்று ஆரம்பித்து "ஆகாத சம்பாஷணைகள்" என்று முடிகிறது. இந்த ஊரில் இவர்களுடைய பக்கத்து பெஞ்சு, டியூஷன், பஸ் எல்லாமே மற்ற வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களை விட்டு விலகு என்றால், பிள்ளை திங்கள் முதல் சனி வரை யாரோடு பேசும்? அதற்காக "எல்லாரும் நல்லவங்க, எல்லாரோடும் பழகு" என்று விட்டுவிடவும் மனசில்லை. வாட்ஸப் குரூப் சண்டை வேறு நடக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

செக்காலை_டீச்சர்:

முதலில் அந்த "பிணைக்கப்படாதிருப்பீர்களாக" வசனத்தை (2 கொரிந்தியர் 6:14) பாடத்தின் முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். "அந்நிய நுகத்திலே" என்றுதான் அந்த வசனம் தொடங்குகிறது, அங்கே பேச்சு நுகத்தைப் பற்றி. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடும் ஒரே திசையில்தான் போயாக வேண்டும். கணக்கு நோட்டை மாற்றிக்கொள்வது நுகம் ஆகாது. அதே சபைக்கு அதே பவுல், இப்படி எல்லாரையும் விட்டு விலகுவதானால் உலகத்தைவிட்டே போகவேண்டியிருக்குமே என்று 1 கொரிந்தியர் 5:10-ல் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்க வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதல் வாரத்துக்கு நம்ம ஊர் வீடே போதும். போர்டில் ஒரு செட்டிநாட்டு வீட்டை வரையுங்கள்: தெருவைப் பார்த்த திண்ணை, முகப்பு, வளவு (நடு முற்றம்), வளவைச் சுற்றிப் பூட்டுப் போட்ட உள்ளறை. திண்ணையில் யாரும் உட்காரலாம். தண்ணீர் கொடுப்போம், நல்லா பேசுவோம். முகப்பு, சேர்ந்து படிக்கிற, விளையாடுகிற கூட்டம். வளவு வரை வருகிறவர்களை வீட்டில் அம்மாவுக்கும் தெரியும். உள்ளறையில் வைப்பது பயம், வீட்டுச் சண்டை, செய்த தப்பு, ஜெபக் குறிப்பு. அதற்குச் சாவி ஒருவரிடமோ இருவரிடமோதான் இருக்கும். இயேசுவும் அப்படித்தான்: அனுப்பப்பட்டவர்கள் 70 பேர், கூடவே இருந்தவர்கள் 12 பேர், யவீரு வீட்டுக்குள்ளும் மறுரூப மலைக்கும் கெத்செமனேயில் தனியாகவும் கூட்டிப்போனது 3 பேர். மற்ற 9 பேரை அவர் வெறுத்தாரா என்று கேளுங்கள், பிள்ளைகளே பதில் சொல்வார்கள்.

உள்ளறைக்குத் தகுதி என்ன? இங்கேதான் பல வகுப்பு வழுக்கும். "சபைப் பிள்ளை என்றால் உள்ளறை, மற்றவர்கள் திண்ணை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வேதம் அப்படி முடிக்கவில்லை. 2 சாமுவேல் 13:3-ல் தாவீது ராஜாவின் மகன் அம்னோனுக்குக் கெட்ட யோசனை கொடுத்த யோனதாப் வெளியாள் இல்லை, தாவீதின் அண்ணன் மகன். 15-ம் அதிகாரத்தில், தாவீதுக்கு எதிராகக் கலகம் செய்த மகன் அப்சலோம் பக்கம் ஊரே சாய்ந்தபோது, தாவீதிடம் "சாவானாலும் பிழைப்பானாலும் உம்மோடு" என்று நின்ற ஈத்தாய், காத் ஊரான். இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தரின் ஊரிலிருந்து வந்தவன். இந்த இரண்டு பேரையும் போர்டில் எதிரெதிரே எழுதுங்கள். (13-ம் அதிகாரத்தை முழுதாக வாசிக்க வைக்கவேண்டாம். அது பலாத்காரத்தின் கதை. அறையில் இருக்கிற எந்தப் பிள்ளைக்கு என்ன காயம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.) பிறகு சாவிக்கான சோதனை மூன்று: கஷ்டத்தில் நிற்கிறானா (நீதிமொழிகள் 17:17), சொன்னதை அடக்குகிறானா (11:13), தப்பை முகத்துக்கு நேரே சொல்கிறானா (27:6). விசுவாசத்தைப் பொறுத்தவரை ஒரே கேள்வி: இவனோடு இருந்தால் ஜெபிக்க வெட்கமாக இருக்கிறதா, இல்லையா?

பயிற்சியில் ஒரு எச்சரிக்கை. பெயர் எழுதச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்த்து "என்னைத் திண்ணைலயா வச்சிருக்க?" என்றால் அடுத்த நாலு வாரமும் போச்சு. ஏ4 தாளை நாலாகக் கிழித்து ஆளுக்கு ஒன்று, பெயருக்குப் பதில் புள்ளி மட்டும். தாளைத் திரும்ப வாங்கக்கூடாது, பகிரச் சொல்லக்கூடாது. தொடங்கும் முன்பே "உள்ளறை காலியாக இருந்தால் அது தோல்வி இல்லை, இந்த வயதில் நிறைய பேருக்கு அப்படித்தான்" என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுத் தலை குனிகிற பிள்ளையை அங்கேயே பேர் சொல்லிக் கூப்பிடாமல், அடுத்த வாரம் நாற்காலி போட உதவிக்குக் கூப்பிடுங்கள்.

தேவகோட்டை_மறைக்கல்வி:

டீச்சர் சொன்ன வீட்டுப் படம் அருமை, எங்கள் பங்கிலும் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் சீராக் ஞானம் 6:5-17 முழுக்க இதே பேச்சுதான்: சோதித்துப் பார்த்த பிறகு நட்புக்கொள், அவசரப்பட்டு நம்பிவிடாதே என்று. உங்கள் வேதாகமத்தில் அது இல்லை என்பதால் நீதிமொழிகளே போதும்.

நான் சேர்க்க விரும்புவது இரண்டாம் வாரத்துக்கு. வசனம் தெரிந்த பிள்ளைக்கும் வாயில் வார்த்தை வராது. "இல்லை" சொல்லப் பழக்க வேண்டும். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் கேட்பவர், ஒருவர் மறுப்பவர், ஒருவர் பார்ப்பவர். 4 நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் 12 நிமிஷத்தில் ஒரு சுற்று. 14 பேர் என்றால் 2 பேர் மிஞ்சுவார்கள், அதில் நீங்கள் உட்காருங்கள். கேட்பவர் ஒரே தடவை கேட்டுவிட்டு விடக்கூடாது. முதலில் கெஞ்சல், அடுத்து கிண்டல், மூன்றாவது "இனிமே என்கூட பேசாத". முதல் தடவை உறுதியாக நிற்கிற பிள்ளை மூன்றாவதில் சாயும், பழக்க வேண்டியது அந்த மூன்றாவதைத்தான்.

மறுக்கும்போது பிள்ளைகள் செய்கிற தவறு பிரசங்கம். "எங்க பைபிள்ல இது பாவம்" என்றால் எதிரில் இருப்பவனுக்கு "நீ பாவி" என்று கேட்கும். இப்படிச் சொல்லிப் பழக்குங்கள்: "பரீட்சைல காட்ட மாட்டேன்டா. காலைல 7 மணிக்கு வா, அந்தக் கணக்கை ரெண்டு பேரும் போட்டுப் பாப்போம்." மறுப்பு ஒரு வரி, உடனே ஒரு மாற்று. விளக்கம் வேண்டாம், விளக்கம் கொடுத்தால் வாதம் வரும்.

மூன்றாம் வாரம் உரிமை கொண்டாடுகிற நட்பு. பெண்பிள்ளைகள் அதிகம் உள்ள வகுப்பில் இதைத் தாண்டவே முடியாது. (பையன்களிடமும் உண்டு, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்!) "அவகூட பேசினா என்கூட பேசாத", பாஸ்வேர்டு கேட்பது, பதில் வர 10 நிமிஷம் தாமதமானால் கோபம். தாவீதின் நண்பன், சவுல் ராஜாவின் மகன் யோனத்தான் கதையில் எல்லாரும் 1 சாமுவேல் 18-ம் அதிகாரத்தில் சால்வையும் பட்டயமும் வில்லும் கொடுத்ததோடு நிறுத்திவிடுவார்கள். 1 சாமுவேல் 23:16-18 வரை போங்கள். தாவீது சவுலுக்குப் பயந்து காட்டில் ஒளிந்திருக்கிறான். யோனத்தான் தேடி வருகிறான், கடவுளுக்குள் அவன் கையைத் திடப்படுத்துகிறான், பிறகு தன் வீட்டுக்குப் போய்விடுகிறான். தாவீது அங்கேயே இருக்கிறான். வந்தான், பலப்படுத்தினான், போனான்: இந்த மூன்றையும் ஒரு நட்பில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். போகவே விடாத நட்பு எது என்று அவர்களுக்கே புரியும்.

பையன்களையும் பெண்களையும் பிரிக்கவேண்டாம். பிரித்து உட்கார வைத்து நட்பைப் பற்றிப் பேசினால், "காதலைத்தான் சுத்தி வளைச்சு சொல்றாங்க" என்று எடுத்துக்கொள்வார்கள்.

கண்டனூர்_சமூகப்பணி:

வாட்ஸப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மத்தேயு 18:15-ன் முதல் படியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: அவனும் நீயும் தனித்திருக்கையில். குரூப்பில் இல்லை, ஸ்டேட்டஸில் இல்லை, மூன்றாம் ஆளுக்கு ஸ்கிரீன்ஷாட் இல்லை. நண்பன் இருப்பதே சிரிக்க மட்டுமல்ல, எல்லை மீறும்போது இடித்துச் சொல்லவும்தான் என்று குறள் 784 சொல்கிறது. தமிழ் வகுப்பில் குறள் படிக்கிற பிள்ளைகள்தானே, அதையும் நீதி. 27:6-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பழக்கமான விஷயமாக ஏறும்.

நீங்கள் குரூப் வைத்திருந்தால் பெரியவர்கள் இருவராவது அதில் இருக்கட்டும். இரவு 9-க்கு மேல் செய்தி கிடையாது. வகுப்பு எடுப்பவர் ஒரு பிள்ளையோடு தனியாகச் சாட் செய்யும் வழக்கமே வேண்டாம்.

ரகசியம் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும், ஏனென்றால் "ரகசியத்தை அடக்கு" என்ற நீதி. 11:13-ஐ மட்டும் கற்பித்தால் ஆபத்து. மூன்று வகையாகப் பிரித்துச் சொல்லுங்கள். பிறந்தநாள் பரிசு மாதிரி நாளைக்குத் தானே வெளியாகும் ரகசியம். நண்பனுக்கு வெட்கமான, ஆனால் யாருக்கும் ஆபத்தில்லாத ரகசியம், அதாவது தோற்ற மார்க், வீட்டுக் கடன். இது உன்னோடு சாகட்டும். மூன்றாவது: யாரோ தொடுகிறார்கள், படத்தை வைத்து மிரட்டுகிறார்கள், சாகப்போகிறேன் என்கிறாள். இதை அன்றைக்கே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லியாக வேண்டும். "சொன்னா உன்கூட பேசமாட்டேன்" என்றாலும் சொல்லவேண்டும். அவள் கோபம் தீரும். உயிர் போனால் திரும்பாது. குழந்தைகள் உதவி எண் 1098, மன அழுத்தத்துக்கு டெலி மானஸ் 14416, இரண்டும் இலவசம். நோட்டின் பின்னட்டையில் எழுத வையுங்கள்.

உங்களுக்கும் ஒன்று. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று பிள்ளை வந்தால் சத்தியம் செய்யாதீர்கள். "ஆபத்துன்னா உதவி செய்யக்கூடியவங்க கிட்ட மட்டும் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் பாலியல் குற்றம் என்று தெரிந்தால், 2012 போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டப்படி போலீஸுக்குத் தெரிவிப்பது கட்டாயம். சபைக் கமிட்டி கூடிப் பேசி முடிக்கிற விஷயம் அல்ல. நீங்களே விசாரணை நடத்தாதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். சந்தேகப்படும் ஆளிடம் போய்க் கேட்கவே கூடாது.

கல்லுக்கட்டி_வகுப்பு:

எல்லாருக்கும் நன்றி. ஈத்தாயை வைத்தே முதல் வாரம் எடுக்கிறேன். ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கொப்புடையம்மன் கோயில் திருவிழா வந்தால் சிநேகிதர்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவார்கள், பிரசாதமும் நீட்டுவார்கள். பெற்றோர் "போகவே போகாத" என்பார்கள். பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், என்ன சொல்ல?

செக்காலை_டீச்சர்:

1 கொரிந்தியர் 10:27-28 அப்படியே உங்கள் கேள்விதான். அழைத்தால், போக மனசிருந்தால் போ, வைத்ததைச் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவன் சொன்னால் அவனுக்காக விட்டுவிடு. விருந்து வேறு, படையல் வேறு. வாய்க்கு வார்த்தை இப்படி: "பிரசாதம் நான் எடுத்துக்கிறதில்ல ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. உங்க பணியாரம் இருந்தா ரெண்டு கொடுங்க." முகம் சுளிக்காமல், வாங்கிப் பின்னால் எறியாமல் சொல்லவேண்டும். எறிவதுதான் பெரிய அவமரியாதை, அதை யாராவது பார்த்தால் வருஷக்கணக்கில் ஆறாது.

ஆனால் பெற்றோர் போகாதே என்றால் பிள்ளையை அவர்களுக்கு எதிராகத் திருப்பாதீர்கள். முதல் வாரத்துக்கு முன்பே 20 நிமிஷம் பெற்றோரைக் கூப்பிட்டு, அதே வீட்டுப் படத்தைக் காட்டி, தங்கள் பிள்ளையின் வளவுக்குள் வருகிற இரண்டு பேர் யாரென்று தெரியுமா என்று கேளுங்கள். தெரியாதவர்கள் அந்த சிநேகிதனை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடட்டும். மார்ச்சில் பொதுத்தேர்வு வருகிறது, கூட்டத்தை ஜனவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.