நல்லா ஓடுற லேப்டாப், விண்டோஸ் 11 ஏறாதுங்குற ஒரே காரணத்துக்காக மாத்தணுமா?

நீலமை:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

என்கிட்ட 2017ல வாங்குன லேப்டாப் இருக்கு. இன்டெல் ஐ5 7200யூ, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வீட்லேர்ந்து மொழிபெயர்ப்பு வேலை பாக்குறேன். நாள் முழுக்க நாலஞ்சு வேர்ட் ஃபைல், பிரவுசர்ல பதினஞ்சு இருபது டேப், நடுவுல பிடிஎஃப், அவ்வளவுதான். கேம் கிடையாது, வீடியோ எடிட்டிங் கிடையாது. இத்தனை வருஷமா இந்தக் கீபோர்டுலதான் கை பழகிருக்கு, புதுசா வர்ற மெல்லிசு லேப்டாப்புல தட்டிப் பாத்தா விரலுக்கு ஒட்டவே மாட்டேங்குது.

பிரச்சனை ரெண்டு. ஆன் பண்ணா வேலை ஆரம்பிக்க அஞ்சு நிமிஷம் ஆகுது, டாஸ்க் மேனேஜரத் திறந்து பாத்தா டிஸ்க் 100 சதவீதத்துலயே நிக்குது. இன்னொன்னு, விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுருச்சு, 11 போடலாம்னு செக் பண்ணா ப்ராசசர் லிஸ்ட்லயே இல்லைன்னு வருது. என் தம்பி "ஏழாவது ஜெனரேஷன்லாம் முடிஞ்ச கதைக்கா, புதுசு வாங்கிரு"ங்கிறான். உடையல, ஸ்கிரீன் போகல, வேலை செய்யுது, இத எதுக்கு ஓரங்கட்டணும்னு மனசு கேக்கல. நிஜமாவே வேற வழி இல்லையா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருப்புளி:

அக்கா, முதல்ல அந்த 100 சதவீதத்தப் பேசுவோம், ஏன்னா உங்க பதில் அங்கதான் இருக்கு. உங்க ப்ராசசர் மேல தப்பே இல்ல.

உங்களுது பெரும்பாலும் 5400 ஆர்பிஎம் டிஸ்க்கா இருக்கும், அந்தக் கால லேப்டாப்புல 1 டிபின்னா அதான் போடுவாங்க. உள்ள ஒரு தட்டு சுத்துது, அது மேல ஒரு முள்ளு நகந்து நகந்து படிக்குது. தேவையான இடம் முள்ளுக்கு அடியில வரதுக்கே சராசரியா 5.5 மில்லிசெகண்ட், முள்ளு நகர்றதுக்கு அதுக்கு மேல ஒரு பத்து. ரெண்டையும் கூட்டிப் பாருங்க, செகண்டுக்கு அறுபது எழுபது இடத்துலதான் அதால படிக்க முடியும். விண்டோஸ் 10 ஆன் ஆகுறப்போ அப்டேட் செக், ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன், சர்ச் இண்டெக்ஸ், பிரவுசர் எல்லாம் ஆயிரக்கணக்குல சின்னச்சின்ன ஃபைலக் கேக்கும், எல்லாம் வரிசைல நிக்கும், ப்ராசசர் கையக்கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். இதுக்குப் பதிலா எஸ்எஸ்டின்னு சிப்புலயே சேமிக்கிற டிஸ்க் இருக்கு, அதுல சுத்துற தட்டும் கிடையாது நகர்ற முள்ளும் கிடையாது, செகண்டுக்குப் பல்லாயிரம் இடத்துல படிக்கும். ராம் டபுள் பண்றதவிட, ப்ராசசர் மாத்துறதவிட, இந்த ஒரு மாத்தம்தான் பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுக்கும், நான் கழட்டி மாட்டுன எந்த மெஷின்லயும் இது பொய்யானதே இல்ல.

சாட்டாங்குற பழைய வகை இணைப்புல வர்ற சாதாரண 2.5 இன்ச் எஸ்எஸ்டி போதும். செகண்டுக்கு 550 எம்பி பக்கம்தான் வரும், என்விஎம்இங்குற புது வகை அதுக்குப் பல மடங்குன்னு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா வேர்டும் பிரவுசரும் ஓட்டுற ஆளுக்கு அந்த வித்தியாசம் கைல தெரியாது. உங்க போர்டுல எம்.2ன்னு சின்ன கார்டு மாதிரி எஸ்எஸ்டி சொருகுற ஸ்லாட் இருந்தா வாங்குறதுக்கு முன்னாடி அது சாட்டாவா என்விஎம்இயான்னு மேனுவல்ல பாத்துருங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும், மாத்தி வாங்கிட்டா வேலை செய்யாது. பழைய டிஸ்க்க அப்படியே புதுசுக்கு குளோன் பண்ண குளோன்ஜில்லாங்குற மென்பொருள் இலவசம். குளோன் பண்ணதும் பழைய டிஸ்க்க அழிச்சுறாதீங்க, ஒரு மாசம் அப்படியே எடுத்து வைங்க.

இன்னொன்னு, கழட்டுறப்போ பேட்டரியத் தொட்டுப் பாருங்க. டச்பேட் லேசா மேல எழும்பியிருந்தாலோ பின்மூடி சரியா உக்காரலைன்னாலோ பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம், அத அமுக்கி மூடாதீங்க, முதல் வேலையா அத மாத்துங்க.

மாலைவெயில்:

திருப்புளி சொல்றது வேகத்துக்கு சரி. ஆனா அவங்க கேட்ட ரெண்டாவது விஷயம்தான் பெருசு, அத யாரும் லேசா எடுத்துக்க வேணாம். 2017 மே மாசம் வன்னாக்ரைன்னு ஃபைலப் பூட்டிப் பணம் கேக்குற வைரஸ் வந்தப்போ, அது நுழைஞ்ச ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே பேட்ச் விட்டாச்சு, போடாம விட்ட மெஷின்தான் பெரும்பாலும் மாட்டுச்சு, ஆஸ்பத்திரியெல்லாம் ஸ்தம்பிச்சுது. பேட்ச் வராத சிஸ்டத்துல கிளையண்ட்டோட டாக்குமெண்ட் வெச்சு வேலை பாக்குறது உங்களுக்கு மட்டும் ஆபத்து இல்ல, உங்களை நம்பி ஃபைல் அனுப்புறவங்களுக்கும் சேத்துதான்.

யாராவது வந்து ரூஃபஸ்ங்குற டூல்ல டிபிஎம் (11 கேக்குற பாதுகாப்பு சிப்) செக்க எடுத்துட்டு 11 போட்டுருங்கன்னு சொல்லுவாங்க. போட முடியும், ஓடவும் ஓடும். ஆனா சப்போர்ட் இல்லாத மெஷினுக்கு வருஷா வருஷம் வர்ற பெரிய வெர்ஷன் தானா வராது, ஒவ்வொரு தடவையும் நீங்களே கையால போடணும், எப்ப எந்த அப்டேட்ல நிக்கும்னு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க. வேலை பாக்குற மெஷின்ல அந்த விளையாட்டு வேணாம்.

என் கருத்து: முடிஞ்சா புதுசு. வாங்குனா 16 ஜிபிக்குக் கீழ வாங்காதீங்க, ஏன்னா இப்ப நிறைய மாடல்ல ராம போர்டோட சோல்டர் பண்ணிடுறாங்க, அப்புறம் ஏத்தவே முடியாது. ஆப்பிளே 2024 அக்டோபர்ல மேக்புக்குக்கெல்லாம் ஆரம்பமே 16 ஜிபின்னு மாத்திட்டாங்க.

வெட்டவெளி:

மாலைவெயில் பாதுகாப்பு பத்தி சொன்னதுல ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். ஆனா அதுலேர்ந்து நேரா "புதுசு வாங்கு"க்கு தாவுறதுதான் எனக்கு ஒப்பல.

கொஞ்சம் யோசிங்க. டிபிஎம் 2.0 இல்லைன்னுதான் பழசு ஏறாதுன்னு பலபேர் நினைக்கிறாங்க. ஆனா 2016 ஜூலை கடைசிலேர்ந்து விண்டோஸ் 10ஓட வர்ற புது மெஷின்ல டிபிஎம் 2.0 இருக்கணும்னு மைக்ரோசாஃப்டே விதி வெச்சுது. அதனால நீலமையோட 2017 லேப்டாப்புல அது இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி, பயாஸ்ல (விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) பிடிடின்னு இன்டெல்லோட டிபிஎம் ஆப்ஷன் அணைஞ்சு கிடக்கலாம். அத ஆன் பண்ணாலும் ஏறாது, ஏன்னா தடுக்குறது ப்ராசசர் லிஸ்ட். இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்லேர்ந்து, விதிவிலக்கா ஒண்ணு ரெண்டு ஏழாவது. 7200யூ ரெண்டு கோர், அடுத்து வந்த 8250யூ நாலு கோர், வித்தியாசம் நிஜம்தான், ஆனா 11க்கு அவங்க கேக்குற குறைஞ்சபட்சம் என்ன தெரியுமா, 1 கிகாஹெர்ட்ஸ் ரெண்டு கோர் 4 ஜிபி ராம். அப்ப அதே லிஸ்ட்ல இருக்குற ஏதோ ஒரு மலிவு செலரான் ப்ராசசரவிட இந்த ஐ5 வேகம். ஹார்ட்வேர் செத்துப்போகல, ஒரு கோடு போட்டாங்க, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னதுக்காக உலகம் முழுக்க நல்ல மெஷின்லாம் குப்பைக்குப் போகுது. எனக்கு இது வயித்தெரிச்சலாவே இருக்கு.

சரி, நீலமை என்ன பண்ணலாம். விண்டோஸுக்குப் பதிலா ஓடுற இலவச சிஸ்டம் லினக்ஸ் மின்ட் 22 போடுங்க, 2024 ஜூலைல வந்தது, 2029 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் உண்டு. முதல்ல இன்ஸ்டால் பண்ணவே வேணாம், பென்டிரைவ்லேர்ந்தே பூட் பண்ணி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க, வைஃபை வருதா, சத்தம் வருதா, மூடித் திறந்தா முழிக்குதான்னு. பிடிக்கலைன்னா பென்டிரைவ உருவிட்டா பழையபடி விண்டோஸ். தமிழ் டைப்பிங்குக்கு பயம் வேணாம், ஐபஸ்ங்குற டைப்பிங் டூல்ல எம்17என் சேத்தா தமிழ்99, ஃபொனெடிக் ரெண்டும் கிடைக்கும். பழைய பாமினி ஃபைல் இருந்தா அந்த ஃபாண்ட காப்பி பண்ணிப் போட்டாதான் எழுத்து தெரியும், இல்லைன்னா ஆங்கில எழுத்தா நிக்கும்.

நீலமை:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதுனதுக்கு ரொம்ப நன்றி. டச்பேட் எழும்பல, பேட்டரி சரியாத்தான் இருக்கு. ஒரு சிக்கல் சொல்ல மறந்துட்டேன், ஒரு கிளையண்ட் டிராடோஸ்ங்குற மொழிபெயர்ப்பு மென்பொருள்லதான் கேக்குறாங்க, மாசத்துல ஒரு வாரம் அந்த வேலை இருக்கும். மத்தவங்களுக்கு வேர்டுல டிராக் சேஞ்சஸ் போட்டு அனுப்பணும். இது லினக்ஸ்ல நடக்குமா?

வெட்டவெளி:

டிராடோஸ் ஸ்டுடியோ விண்டோஸுக்கு மட்டும்தாங்க. விண்டோஸ் மென்பொருள லினக்ஸ்ல ஓட்ட உதவுற வைன்ல ஓட்டலாம்னு யாராவது சொன்னா கெடு இருக்குற வேலைக்கு நம்பாதீங்க. நான் லினக்ஸ் ஆளுதான், ஆனா இதுல பொய் சொல்லி உங்களை இழுக்க மாட்டேன். ஒமேகாடின்னு இன்னொரு மொழிபெயர்ப்பு மென்பொருள் இருக்கு, ஜாவால எழுதுனது, லினக்ஸ்ல நல்லாவே ஓடும், டிஎம்எக்ஸ் ஃபைல (பழைய மொழிபெயர்ப்பெல்லாம் சேத்து வெக்கிறது) வாங்கிக்கும், ஆனா கிளையண்ட் டிராடோஸ் பேக்கேஜே திருப்பி வேணும்னா ஒத்து வராது. லிப்ரேஆபிஸ்ல டிராக் சேஞ்சஸ் இருக்கு, சாதாரண ஃபைல்ல பிரச்சனை இல்ல, டேபிளும் ஃபுட்நோட்டும் குவிஞ்ச ஃபைல்னா வரி இடம் மாறும், அனுப்புறதுக்கு முன்னாடி வேர்டுல ஒரு தடவை திறந்து பாக்காம அனுப்பாதீங்க.

மாலைவெயில்:

அப்ப நான் சொன்னதக் கொஞ்சம் திருத்திக்கிறேன். டிராடோஸ் விஷயம் இருக்குறதால விண்டோஸ விட்டு உடனே போக முடியாது, ஆனா அதுக்காக உடனே புதுசும் வாங்க வேணாம். விண்டோஸ் 10க்கு ஈஎஸ்யூன்னு ஒரு திட்டம் இருக்கு, அதுல சேந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு பேட்ச் வரும். உங்க வெர்ஷன் 22எச்2வா இருக்கணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணியிருக்கணும், செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே சேர்ற லிங்க் தெரியும், செட்டிங்ஸ் பேக்கப்ப ஆன் பண்ணி வெச்சா காசு கட்டாமலே சேரலாம். புது வசதி எதுவும் வராது, ஓட்டையை மட்டும் அடைப்பாங்க, உங்களுக்கு வேண்டியதும் அதான். ஆபிஸ் 365 வெச்சிருந்தா அதுக்குத் தனியா 2028 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் உண்டுன்னு சொல்லியிருக்காங்க.

ஆனா அந்தத் தேதி முடிஞ்சதும் இந்த விண்டோஸ நெட்டோட சேக்காதீங்க. அது மட்டும் என் வேண்டுகோள்.

திருப்புளி:

இதான் சரியான வழி. எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ 22எச்2 ஆக்கி ஈஎஸ்யூல சேருங்க, அதே எஸ்எஸ்டில ஒரு 80 ஜிபி ஒதுக்கி மின்ட் போட்டுப் பழகுங்க. ரெண்டையும் ஒண்ணா வெக்கிறப்போ ரெண்டு விஷயத்துல கவனம். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப அணைச்சுருங்க, இல்லைன்னா அது டிஸ்க்க முழுசா விடாது, மின்ட்லேர்ந்து உங்க ஃபைலப் படிக்க மட்டும்தான் முடியும் எழுத முடியாது. அப்புறம் பார்ட்டிஷன்ல கைவெக்கிறதுக்கு முன்னாடி டிஸ்க்கப் பூட்டி வெக்கிற டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாத்து, இருந்தா ரெகவரி கீயப் பேப்பர்ல எழுதி வைங்க. அது இல்லாம பயாஸ்ல ஏதாவது மாத்திட்டு 48 இலக்க நம்பர் கேட்டு நிக்கிறப்போ முழிச்ச ஆளுங்கள நான் நிறையப் பாத்திருக்கேன், உள்ள இருக்குற வேலையெல்லாம் போச்சு, யாராலயும் திறக்க முடியல.

நீலமை:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி நானே மாட்டுனேன், பதினோரு ஸ்க்ரூ, அதுல ரெண்டு ரப்பர் காலுக்கு அடியில ஒளிஞ்சிருந்துச்சு, அதக் கண்டுபிடிக்கத்தான் நேரமாச்சு. 1 டிபி டிஸ்க் குளோன் ஆகலை, புதுசு சின்னதுங்கிறதால குளோன்ஜில்லா ஒத்துக்கல, அதனால ஃபைலெல்லாம் தனியா எடுத்துட்டு விண்டோஸப் புதுசாவே போட்டேன். இனிமே படிக்கிறவங்க அத கவனிச்சுக்கோங்க, சின்ன டிஸ்க்குக்கு மாறுறதா இருந்தா பார்ட்டிஷன முதல்லயே சுருக்கணும்.

பட்டன அமுக்கி வேர்ட் திறக்குறவரைக்கும் இப்ப ஒரு நிமிஷம்கூட ஆகல. ஈஎஸ்யூல சேந்தாச்சு. மின்ட்ல வைஃபை, சத்தம் எல்லாம் முதல் தடவையே வந்துச்சு, தினசரி வேலைல பாதி அங்கதான் ஓடுது. தம்பி வந்து பாத்துட்டு அவனோட பழைய லேப்டாப்பையும் எடுத்துட்டு வந்து வெச்சிருக்கான். அதுல ராம் சோல்டர், 4 ஜிபி, ஆனா டிஸ்க்க மட்டும் கழட்டலாம். 4 ஜிபிக்கு மின்ட்ல சினமன் டெஸ்க்டாப்பா, அதவிட லேசான எக்ஸ்எஃப்சிஇயா, எத போடலாம் திருப்புளி?

திருப்புளி:

குளோன் விஷயத்துல அளவு சின்னதா இருக்கலாம்னு நான் முன்னாடியே கேட்டிருக்கணும், என் தப்பு, மன்னிச்சுக்கோங்க. 4 ஜிபின்னா எக்ஸ்எஃப்சிஇ. ராம் பத்தாதப்போ டிஸ்க்குல எடுத்துக்குற ஸ்வாப் 4 ஜிபியாவது வெச்சுக்கோங்க, டேப் பத்துக்கு மேல போகாம பாத்துக்கச் சொல்லுங்க.