மாரி வரப்போகிறது, வீடு முழுக்க வேலை: எதை முதலில் பிடிப்பது?

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடி வாசகி

கடற்கரைக்குக் கிட்ட உள்ள வீடு. முன்பக்கம் ஓடு, பின்னால் குசினியும் குளியலறையும் பிளாட், அதாவது கொங்கிறீட் தட்டைக் கூரை. கணவர் கட்டாரில். வீட்டில் நானும் அம்மாவும் பிள்ளைகளும்தான். புரட்டாதி பிறந்ததில் இருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. ஹோலில் ஒழுக்கு. குசினி பிளாட்டின் அடியில் சீமெந்து பெயர்ந்து கம்பி தெரிகிறது. போன கிழமை பெய்த சின்ன மழைக்கே ட்ரிப் சுவிட்ச் விழுந்தது, வெயில் வந்த பிறகு மேலே போட்டால் விழவில்லை. இதற்கிடையில் ஒரு யன்னல் பூட்டுப்படாது, சுவரில் பெயின்ற் உரிகிறது, குளியலறைப் பைப் சொட்டுகிறது. வந்து பார்த்த கட்டட வேலைப் பாஸ், "எல்லாத்தையும் ஒரேயடியாச் செய்தாத்தான் சரி" என்று ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்டு அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். எங்கே தொடங்குவது?

பதில்: ஆரையம்பதி வயர்மன்

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் கரண்ட், கம்பி, ஒழுக்கு மூன்றும்தான் இந்த மாரிக்கு முன் முடிய வேண்டியவை. பெயின்றை இப்போது தொடவே வேண்டாம். ஈரச் சுவரில் அடித்தால் திரும்பவும் உரியும். தை கழிந்து சுவர் காயட்டும்.

ட்ரிப் சுவிட்ச் அடுத்த முறை விழுந்தால் இப்படிச் செய்யுங்கள். கை காய்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும். சின்னப் பிரேக்கர் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு ட்ரிப் சுவிட்சை மேலே போடுங்கள். பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கோளாறு அந்த லைனில். அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றவற்றைப் பாவிக்கலாம். மழைக்கு விழுந்து வெயிலுக்குச் சரியாவது பெரும்பாலும் வெளிச்சுவர் லைற், கேற் லைற், இல்லாவிட்டால் கிணற்று மோட்டர். எல்லாப் பிரேக்கரும் கீழே இருக்கும்போதே விழுந்தால் நியூட்ரல் வயரில் கசிவு இருக்கலாம். அதற்கு ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

வீட்டுக்குப் போடுகிற ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கரண்ட் கசிந்தாலே விழ வேண்டும். விழுவதுதான் அதன் வேலை. "தொல்லையாக் கிடக்கு, ட்ரிப் சுவிட்ச் இல்லாம நேராக் குடுத்து விடுறன்" என்று யாராவது சொன்னால் கேற்றைக் காட்டுங்கள்.

பதில்: அக்கரைப்பற்று காக்கா

கரண்டைத் தம்பி சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் கம்பியில்தான் கண். கடல் காற்றின் உப்பு சீமெந்துக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்குக் கம்பியை விட இடம் கூட வேண்டும், அதனால் அது சீமெந்தை வெளியே தள்ளும். மேலே சாந்து பூசி மறைத்தால் கொஞ்சக் காலத்தில் அந்தப் பூச்சும் சேர்ந்து விழும். நல்ல மேசன் என்றால் கொட்டுகிற பகுதியைக் கம்பியின் பின்பக்கம் தெரியும் வரைக்கும் உடைப்பார், துருவைப் பிரஷ் போட்டு உரசி எடுப்பார், துருத்தடுப்பு அடிப்பார், பிறகுதான் அடைப்பார். கம்பி பாதி மெலிந்திருந்தால் மேசனோடு நிறுத்தாமல் இன்ஜினியர் ஒருவரையும் கூட்டிவந்து காட்டுங்கள். அது முடியும் மட்டும் அந்த இடத்துக்குக் கீழே அடுப்பு, பிள்ளைகள் இரண்டும் வேண்டாம். பிளாட்டின் மேலே தண்ணீர் வெளியேறும் ஓட்டையையும் பாருங்கள்; இலை அடைத்து மேலே தண்ணீர் தேங்கினால் கீழே என்ன செய்தும் பிரயோசனம் இல்லை. தேங்கிய தண்ணீரில் நுளம்பும் பெருகும், பீ.எச்.ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் அது வேறு வழக்கு.

பதில்: படுவான்கரை

தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். ஓட்டைத் தாங்கும் சிலாகையில் இறங்கி, அதைத் தாங்கும் கைமரத்தில் ஓடித்தான் எங்கேயாவது சொட்டும். சீலிங் இல்லாவிட்டால் உச்சி வெயிலில் யன்னல்களைச் சாத்திவிட்டு மேலே பாருங்கள், வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். போனில் படம் எடுத்து வையுங்கள், ஏறுகிற ஆளுக்குத் தேடுகிற நேரம் மிச்சம். உங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகம் ஓடும் பிளாட்டும் சேருகிற இடத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பீலியில்தான்.

ஆளை உடனே பிடியுங்கள். பெரும்போக விதைப்பு தொடங்கினால் கூலிக்கு வருகிறவர்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். ஓட்டு வேலைக்கு நாள் கூலி பேசுவதே நல்லது. கொன்ராக்ற் என்றால் ஏறி இரண்டு ஓடுகளை மாற்றிவிட்டு இறங்கிவிடுவார்கள். வந்த பாஸைக் குறை சொல்லவில்லை, அவருக்கு ஒரே வேலையாகக் கிடைத்தால் வசதி. ஆனால் உங்களுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

பதில்: களுவாஞ்சிக்குடி ரீச்சர்

நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். மாரிக்கு முன் செய்வது ஒரு பக்கம், பொங்கலுக்குப் பின் செய்வது மறுபக்கம். மறுபக்கத்தில் எழுதியதைப் பற்றி மார்கழி முடியும் வரைக்கும் யோசிப்பதில்லை. பைப்புக்கு வாசரை மாற்றிப் பாருங்கள், பிள்ளை. மெயின் வால்வைப் பூட்டிவிட்டு நீங்களே செய்யலாம்.

பதில்: படுவான்கரை

கொப்பி எல்லாருக்கும் ஒத்துவராது ரீச்சர். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. திறக்கிற நேரமெல்லாம் சண்டை. செய்யாதது முழுக்க வரிசையாக நிற்கும் அல்லவா?

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மழைக்குச் சுவிட்ச் விழுந்தது, தம்பி சொன்ன மாதிரி ஒவ்வொன்றாக ஏற்றினேன். வெளி லைற் லைன்தான். இறக்கி வைத்திருக்கிறேன், மற்றதெல்லாம் வேலை செய்கிறது. மேசன் ஞாயிறு வருகிறார், கம்பிக்கு மட்டும் விலை கேட்டேன். ஒரு சந்தேகம்: அந்த லைற்றை நானே கழற்றிப் பார்க்கலாமா?

பதில்: ஆரையம்பதி வயர்மன்

நான் தங்கச்சி என்று கூப்பிட, நீங்கள் என்னைத் தம்பி ஆக்கிவிட்டீர்கள், பரவாயில்லை. கழற்ற வேண்டாம். ஈரச் சுவர், ஏணி, கரண்ட் மூன்றும் ஒன்றாகக் கூடாது. பிரேக்கர் கீழே கிடக்கட்டும். வயர்மன் வரும்போது மழைக்குத் தாங்கும் மூடியுள்ள லைற் ஒன்றை வாங்கி வைத்திருங்கள். எர்த் கம்பி கிடக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்கம் அது துருப்பிடித்து அறுந்து கிடந்தாலும் மேலே இருந்து பார்த்தால் தெரியாது.